ஈரத்தரையில் பழகிய கார்

மலைமேல் எமரால்டு பக்கம் நான் ஃபிட்டராக இருந்த டீ ஃபேக்டரி மூடி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பச்சை இலைக்கு விலை இல்லாமல் சுற்று வட்டாரத்தில் பறிப்பதையே விட்டிருந்தார்கள். பறிக்காத தேயிலை ஆள் உயரம் தாண்டி மரமாகிக்கொண்டிருந்தது. எல்லோரையும் அனுப்பிய முதலாளி என்னை மட்டும் நிறுத்திக்கொண்டார். "மெசினு துருப்புடிக்காமப் பாத்துக்கப்பா. வெல ஏறுனா அடுத்த நாளே ஓட்டணும்" என்றார். ஏறும் என்று நானும் நம்பினேன். என் மனைவி நம்பவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூரில் தன் தம்பி வீட்டுக்குப் போய், ஒரு மில்லில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

"நானும் போய்ட்டா இங்க யாரு பாக்கறது?" என்று அவளிடம் போனில் சொல்வேன். சொல்லும்போதே எனக்கு என் மேல் எரிச்சல் வரும். பார்ப்பதற்கு என்ன இருந்தது? பூட்டிய கட்டடம், ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, உள்ளே நான். வாரம் ஒரு முறை இலை உருட்டும் ரோலர்களை ஐந்து நிமிடம் சும்மா ஓட விடுவேன். அந்தச் சத்தம் நின்ற பிறகு வருகிற அமைதி இருக்கிறதே, ஆளை அமுக்கிவிடும்.

காரை அனுப்பியவன் மச்சினன். கோயமுத்தூரில் அவன் வேலை பார்த்த கடையில் ரிமோட் கார்கள் விற்றார்கள். சின்னப் பிள்ளைகளின் பொம்மை அல்ல. முழங்கை நீளம், மோட்டார், கியர், ஸ்பிரிங் என்று எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி மாட்டலாம். ஒன்று பழுதாகிவிட, "மச்சான் கை வெச்சாச் சரியாயிரும்" என்று சொல்லி பஸ்ஸில் கொடுத்துவிட்டான். சரிசெய்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் கடைக்காரரே கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை முற்றத்தில் அந்தக் காரை டிரிஃப்ட் பண்ணிக் காட்ட வேண்டுமாம். அங்கே யாருக்கும் அந்த செட்டிங் பிடிபடவில்லை. "நீங்க செட் பண்ணி, நிக்காம ஒரு எட்டுப் போட்டுக் காட்டுங்க. ரிப்பேர் வேலை மொத்தமும் உங்களுக்குத்தான்" என்றார். கார் மறுபடி மலையேறி வந்தது.

டிரிஃப்ட் என்பது இதுதான். வளைவில் வண்டியின் வால் வழுக்கி வெளியே போகும். முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, வண்டி நேராகிவிடாமலும் சுற்றிவிடாமலும் அந்த வழுக்கலிலேயே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கு ரப்பர் டயர் உதவாது. ஃபேக்டரியில் மிச்சம் கிடந்த பிவிசி பைப்பை வளையம் வளையமாக அறுத்து டயர் மேல் ஏற்றினேன். பின்சக்கரம் இரண்டும் ஒன்றாகவே சுற்றும்படி கியர் பெட்டிக்குள் பசை வைத்து இறுக்கினேன். முன்சக்கரம் இன்னும் அதிகம் திரும்புவதற்காக, தடுத்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் விளிம்பை அரத்தால் தேய்த்தேன்.

ஓட்டிப் பார்த்தது பெர்மென்டிங் ரூமில். ரோலரில் உருட்டிய இலையைப் பரப்பிப் புளிக்கவைக்கிற அறை அது. ஃபேக்டரியிலேயே மழமழப்பான தரை அங்கேதான். முதலில் கார் பம்பரமாகச் சுற்றியது. பின்வளையங்களை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, பின்பக்கம் ஈயத்துண்டு கட்டிக் கனம் ஏற்றினேன். ஒரு மாதத்தில், நடுவில் வைத்த இரண்டு கூடைகளைத் தொடாமல் கார் எட்டுப் போட்டது. "வர்ற ஞாயித்துக்கெழம கீழ வர்றேன்" என்று மனைவியிடம் சொன்னேன். சொன்னபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

கடை முற்றத்தில் பத்திருபது பேர் கூடியிருந்தார்கள். மகள் எல்லோருக்கும் முன்னால் நின்றாள். கார் வழுக்கவே இல்லை. எப்படித் திருப்பினாலும் நல்ல பிள்ளையாக நேரே ஓடியது. வேகத்தைக் கூட்டித் திருப்பினேன். பூந்தொட்டியில் முட்டிக் கவிழ்ந்தது. கூட்டம் சிரித்தது. மகள் சிரிக்கவில்லை, அதுதான் வலித்தது.

கடைக்காரர் காரைத் தூக்கிப் பின்வளையத்தைத் தடவிப் பார்த்தார். "ஈரத்தரையில ஓட்டிப் பழக்குனீங்களா?" என்றார்.

ஈரத்தரைதான். பெர்மென்டிங் ரூம் தரையைத் தினமும் காலையில் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். நேற்றைய இலைச்சாறு கொஞ்சம் நின்றாலும் இன்றைய தூள் கெட்டுப்போகும். அது ஃபிட்டர் வேலை அல்ல. ஆட்கள் போன பிறகு நானாக எடுத்துக்கொண்டது. ஒன்றரை வருடமாக ஒரு நாள் விடாமல் காலை ஆறு மணிக்குக் கழுவிக்கொண்டிருந்தேன். பழக்கம் பொல்லாதது, பாறை மேலும் கோழி சீய்க்கும் என்பார்களே, அந்தக் கோழி நான்தான். காரை ஈரத்துக்கென்றே செட் பண்ணியிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

"எலையே வராத தரைய எதுக்குங்க கழுவறீங்க?" என்றார் கடைக்காரர். அவர் கேலி செய்யவில்லை, புரியாமல்தான் கேட்டார். அடுத்த ஞாயிறு இன்னொரு தடவை பார்க்கலாம், அதுவும் ஆகாவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்றார்.

திங்கட்கிழமை ஆறு மணிக்குக் கை தானாகத் தண்ணீர்க் குழாயைத் தூக்கியது. கீழே போட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். அந்த மூடுபனியில் தரை லேசில் காயவில்லை. வியாழக்கிழமை மத்தியானம்தான் ஈரம் முழுசாகப் போய் சிமென்ட் வெளுத்தது. கூடவே அறையிலிருந்த தேயிலை வாடையும் போய்விட்டது. எழவு வீட்டில் நிற்பது போல இருந்தது. கொஞ்சம் அழுதேன். அப்புறம் ஈயத்தைக் கழற்றினேன், புது வளையங்கள் அறுத்து மினுமினுக்கத் தேய்த்தேன். வெள்ளிக்கிழமை கார் காய்ந்த தரையில் வழுக்கியது. இரண்டு சுற்று நன்றாக வரும், மூன்றாவதில் வால் வெட்டி வண்டி சுற்றிவிடும். ஸ்பிரிங்கை மாற்றி மாற்றிப் பார்க்க இன்னும் ஒரு பகல் இருந்தால் போதும்.

அன்று சாயங்காலம் முதலாளி போன் செய்தார். "நாளைக்கு ஃபேக்டரியப் பாக்க ரெண்டு பேரு வர்றாங்க. நல்ல பார்ட்டி. எல்லாம் சுத்தமா இருக்கட்டும்" என்றார்.

ஃபேக்டரியை வாங்கி ஓட்டுவதற்குத்தான் வருகிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். விவரம் தெரிந்த டீக்காரர்கள் வந்தால் நேரே பெர்மென்டிங் ரூமுக்குப் போவார்கள். குனிந்து தரையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மற்றப் பேச்சு. இலவு காத்த கிளி என்று மச்சினன் என்னைக் கிண்டல் பண்ணுவான். கிளிக்குக்கூட அவ்வளவு ஆசை இருந்திருக்காது. கழுவினாலும் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன். நாலு நாள் ஆகும் என்று தெரிந்தே சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை ஆறு மணிக்கு மூலை முடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினேன். பொய் சொல்வானேன், அந்த ஒரு மணி நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பதினோரு மணிக்கு வந்தார்கள். மெஷின் பக்கமே போகவில்லை. அளவு டேப்பின் நுனியை என் கையில் கொடுத்து, அந்த மூலையில் போய் நிற்கச் சொன்னார்கள். எந்தப் பக்கத்து ஜன்னலில் இருந்து எமரால்டு அணை தெரியும் என்று கேட்டார்கள். ரிசார்ட்டுக்கு மாடியில் பத்து ரூம், கீழே பத்து ரூம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பெர்மென்டிங் ரூம் வாசலில், ஷூ நனையும் என்று நின்றுவிட்டார்கள். "ஏன் இப்படித் தண்ணியாக் கெடக்குது? கூரை ஒழுகுதா?" என்றார் ஒருவர்.

"ஆமாங்க" என்றேன்.

அவர்கள் போனதும் காரை இறக்கினேன். ஈரத்தில் புது வளையங்கள் நிற்காமல் சுற்றின. கோயமுத்தூரில் போய் அங்கேயே சரிசெய்திருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் இன்னொரு தரம் கவிழ எனக்குத் தைரியம் இல்லை.

சாயங்காலம் மனைவி கூப்பிட்டாள். தரையைக் கழுவிவிட்டேன், நாளைக்கு வரவில்லை என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். அவள் கடைசி வரைக்கும் கேட்டாள். "சரிங்க. பாப்பா பக்கத்துலதான் நிக்கறா. நாளைக்கு வரலைன்னு நீங்களே சொல்லிருங்க" என்று போனைக் கொடுத்துவிட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் பேசினாள். "அப்பா, நாளைக்கு நான் முன்னாடி நிக்க மாட்டேன். பின்னாடி போயி நின்னுக்கறேன். அப்ப உங்களுக்குக் கூச்சமா இருக்காதில்ல?"