மூன்று டிக்கெட்டுகளை மூடிய நாள்

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டு மாடியில்தான் எங்கள் அலுவலகம். அஞ்சல் வழியில் பட்டப்படிப்பு படிப்பவர்களுக்கு இணையத்திலும் போனிலும் உதவுவது எங்கள் வேலை. ஆம்பூரிலிருந்து வந்தவள் என்பதால் தமிழ் பேசும் மாணவர்களை என் தலையில் கட்டினார்கள். மாணவர் என்றதும் சின்னப் பிள்ளைகள் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள்.

அவர்களில் ஓர் அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். வீடு ஆனேக்கல்லில், வேலை பொம்மசந்திராவில், ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில். மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் கூப்பிடுவார், பின்னால் டிபன் பாக்ஸ் கழுவும் சத்தம் கேட்கும். பி.ஏ.வில் இரண்டு பேப்பர் பாக்கி. படிப்பை முடிக்கக் கொடுத்திருந்த கெடு இந்தத் தேர்வோடு சரி. இதை விட்டால் முதல் வருடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

"டிகிரி இருந்தா சூப்பர்வைசர் ஆக்கறேன்னு சொல்லியிருக்காங்க மேடம். பன்னெண்டு வருஷமா நின்னுக்கிட்டே வேல செஞ்சு முட்டி போயிடுச்சு. சூப்பர்வைசருக்கு சேர் குடுப்பாங்க" என்று ஒருமுறை சொல்லிச் சிரித்தார்.

எங்கள் தொழிலில் ஒவ்வொரு புகாரும் ஒரு டிக்கெட். பதில் கொஞ்சம் தாமதமானால் போதும், பயந்துபோய் அதையே மூன்று முறை அனுப்புவார்கள். நாங்கள் எல்லாவற்றையும் முதல் டிக்கெட்டோடு சேர்த்து, ஒரே பதில் போட்டு மூடிவிடுவோம். இதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தத் திமிரும் எனக்கு இருந்தது.

ஒரு திங்கட்கிழமை அக்காவிடமிருந்து மூன்று டிக்கெட் வந்திருந்தன. முதலாவது, ஹால் டிக்கெட்டில் போட்டோ மங்கலாக இருக்கிறது என்று. இரண்டாவதும் அதே. மூன்றாவதும் அதுதானே என்று நினைத்து, திறக்காமலே சேர்த்தேன். போட்டோவைச் சரிசெய்தேன், மூன்றையும் மூடினேன். மறுநாள் மதியம் கூப்பிட்டார்.

"மூணு தடவ அனுப்பிட்டேன், கோச்சுக்காதீங்க மேடம். சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சுக்கா. எக்ஸாம் செண்டர் லிஸ்ட்ல ஏத்தியாச்சு."

"அப்போ புது ஹால் டிக்கெட் எடுக்க வேணாமா?"

"வேணாம்க்கா. கையில இருக்கறதே போதும். போய்ப் படிங்க."

"நீங்க சொன்னா சரி மேடம்."

முதல் பேப்பரை எழுதிவிட்டார். இரண்டாவது பேப்பரன்று காலையில் தேர்வு மையத்தின் வாசலிலிருந்து போன் வந்தது.

"லிஸ்ட்ல என் பேரே இல்லங்கறாங்க மேடம். உள்ள விட மாட்டேங்கறாங்க. ஸ்வல்ப, கொஞ்சம் நீங்க பேசுங்களேன்."

அங்கிருந்த அலுவலர் கன்னடத்தில் என்னிடம் பொறுமையாகவே சொன்னார், இந்தப் பேப்பருக்கு இவர் பெயர் வரவில்லை என்று. நான் திரையில் பழைய டிக்கெட்டைத் திறந்து கீழே நகர்த்திப் பார்த்தேன். நான் திறக்காமல் சேர்த்த மூன்றாவது புகார் அங்கே இருந்தது. "போட்டோ கெடக்கட்டும் மேடம். ஹால் டிக்கெட்ல ரெண்டாவது பேப்பர் வரவே இல்ல. இதுதான் எனக்குக் கடைசி." அதை அனுப்பியபோது திருத்தம் செய்ய இன்னும் நான்கு நாள் இருந்தது. இரண்டு நிமிட வேலை.

தேர்வுப் பிரிவுக்குப் போன் மேல் போன் போட்டேன், கெஞ்சினேன். பட்டியலை மூடியாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். மதியம் நான்தான் அக்காவிடம் சொன்னேன். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"நான்தான் மேடம் ஏதோ தப்பா அனுப்பியிருப்பேன். இந்த கம்ப்யூட்டர் எல்லாம் எனக்கு சரியா வராது. பாவம், உங்களையும் அலைய விட்டுட்டேன்."

இல்லை அக்கா, நீங்கள் சரியாகத்தான் எழுதினீர்கள், நான்தான் படிக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பேசுவதெல்லாம் பதிவாகும். பக்கத்து மேஜையில் டீம் லீடர் உட்கார்ந்திருந்தார். வேலை போய்விடுமோ என்ற பயம்.

"பரவாயில்லக்கா" என்றேன்.

செய்தது நான். மன்னித்ததும் நான். அதற்கும் அவர் "தேங்க்ஸ் மேடம்" சொல்லிவிட்டுத்தான் வைத்தார். இதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. பிறகு இரண்டு முறை அந்த எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, அழைக்காமல் விட்டேன். கோழைத்தனம், வேறென்ன.

டிக்கெட்டை மூடியதும் மாணவருக்கு ஒரு படிவம் போகும், எங்களுக்கு நட்சத்திரம் போட. அந்த மாதக் கடைசியில் டீம் லீடர் எல்லோரையும் கூட்டி, வந்ததிலேயே சிறந்ததை உரக்க வாசித்தார். நான் அந்த மூன்று டிக்கெட்டுகளை மூடிய வாரத்தில் அக்கா எழுதியது. ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம்.

"நான் அனுப்புனதெல்லாம் பொறுமையா படிச்சு உதவி பண்ணாங்க. இந்த மேடம் நல்லா இருக்கணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். நான் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.