பங்கர் பக்கம் சரிந்த வேம்பு

வீட்டின் பின்வளவில் நின்ற வேம்பு பங்கரின் பக்கம் சரியத் தொடங்கிய பிறகுதான் எனக்கு நித்திரை அடியோடு போனது. வீட்டோரச் சிறு தெருவான ஒழுங்கைக்குள் விழுந்த ஷெல் ஒன்று அதன் அடிமரத்தைப் பிளந்துவிட்டிருந்தது. ஷெல்லடி தொடங்கினால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நாங்கள் ஓடுவது மண்ணைத் தோண்டி அமைத்த அந்தப் பங்கருக்குள்தான். ஓடி ஒளிகிற இடத்துக்கு மேலேயே மரம் தொங்கிக்கொண்டு நின்றால் மனுசர் எங்கே போவது?

என் கணவருக்குத் துறைமுகத்தில் பட்டறை வேலை. "வெட்டிப்போட்டாச் சரி" என்றார், ஏதோ முருங்கைக் கொப்பு முறிக்கிற மாதிரி. எதற்கும் அசையாத மனிதர் என்று அயலில் அவருக்குப் பெயர். எனக்கும் அதே எண்ணம்தான். வீட்டில் பயப்படும் வேலையை நான் ஒருத்தியே முழுநேரமாகப் பார்த்துக்கொண்டேன்.

இப்படியான மரத்தை மேலிருந்து கொப்புக் கொப்பாகக் கழித்து இறக்குவதுதான் முறை. ஆனால் அந்த நாட்களில் திருகோணமலையில் யார் மரத்தில் ஏறுவது? சந்தியில் ஆமிச் சென்ட்ரி நின்றது. உச்சியில் ஒரு தலை தெரிந்தால், வேவு பார்க்கிறான் என்று முதலில் சுடுவார்கள், பிறகுதான் விசாரிப்பார்கள். கோடரி போட்டாலோ அதிர்வில் பிளவு விரிந்து மரம் பங்கருக்கு மேலேயே வந்துவிடும். கடைசியில் கிண்ணியாவில் இருந்த கூட்டாளியிடம், கரண்டில் ஓடும் சங்கிலி வாள் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். அதற்கு முன் அவர் அப்படி ஒன்றைத் தொட்டதே இல்லை.

வாளின் கைபிடியில் ஒரு விசை இருந்தது. அழுத்தினால் சங்கிலி ஓடும், விரலை எடுத்தால் நின்றுவிடும். மனுசரைக் காப்பாற்ற அந்த மெசினுக்கு இருந்த ஒரே புத்தி அதுதான். இவர் என்ன செய்தார் என்றால், விரல் நோகிறது என்று சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டை வெட்டி, அந்த விசையை அழுத்தியபடியே இறுக்கிக் கட்டிவிட்டார்.

"இதென்ன வேலை? பிறகு எப்பிடி நிப்பாட்டுறது?" என்று கேட்டேன்.

"பிளக்கைக் கழட்டினா நிக்கும். நீர் சும்மா இரும்."

சும்மா இரும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் மரத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டோம். குசினியில் அடுப்புக்குப் பக்கத்துப் பிளக்கிலிருந்து ஜன்னல் வழியாக வயர் போனது. மாங்காய் பறிக்கிற கொக்கத்தடியால் கயிற்றை மேலே ஏற்றி ஒரு கவையில் மாட்டி, ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் நின்ற தென்னையில் இழுத்துக் கட்டினார். மரம் விழவேண்டிய ஒழுங்கைப் பக்கத்தில் முதலில் ஒரு வாய் வெட்டினார். பிறகு சுற்றி வந்து பங்கர் பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கினார். வாள் பாதி மரத்துக்குள் போயிருக்கும், கரண்ட் போய்விட்டது. மரம் மெல்லப் பின்னுக்கு உட்கார்ந்து வாளைக் கவ்விக்கொண்டது.

எங்கள் ஊரில் கரண்ட் போனால் யாரும் எதையும் நிறுத்துவதில்லை. எப்போது வரும், வந்தால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. வந்த கையோடு மோட்டார் தண்ணீர் இழுக்கவேண்டும், ரேடியோ செய்தி சொல்லவேண்டும் என்று எல்லாச் சுவிட்சும் போட்டபடியே கிடக்கும். அந்தப் பழக்கத்தில் பிளக்கைக் கழற்றும் எண்ணமே அவருக்கு வரவில்லை. வெட்டுக்குள் ஒரு ஆப்பை வைத்து அடித்தார். வாள் கொஞ்சம் இளகியது. வெளியே தெரிந்த சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி இழுக்கத் தொடங்கினார்.

அப்போது சந்திக்கு அப்பாலிருந்து பிள்ளைகள் கூவுவது கேட்டது. "கரண்ட் வந்திட்டுது!"

எப்போதும் முதலில் அந்தப் பக்கத்துக்கு வரும், சற்றுப் பொறுத்து எங்கள் பக்கத்துக்கு வரும். ஒரு கணம் எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. பிறகுதான் கைபிடியில் இறுகிக் கிடந்த ரியூப் துண்டு கண்ணில் பட்டது.

கத்தினால், என்ன என்று திரும்பிப் பார்ப்பாரே தவிர கையை எடுக்கமாட்டார். குசினிக்குள் ஓடினேன். பிளக் இறுகிப் போயிருந்தது. சுவரில் காலை முட்டுக்கொடுத்து வயரோடு சேர்த்து இழுத்தேன். அது கழன்று என் கைக்கு வரவும் தலைக்கு மேல் லைற் பற்றவும் சரியாக இருந்தது.

வெளியே வந்து பிளக்கைத் தூக்கிக் காட்டினேன். அவர் பிளக்கைப் பார்த்தார், குசினி லைற்றைப் பார்த்தார், தன் கைகளுக்குள் இருந்த சங்கிலியைப் பார்த்தார். கத்தியை எடுத்து ரியூப்பை அறுத்தெறிந்தார்.

"மரத்தை இப்பிடிப் பாதியில விட ஏலாது. நீர் பிளக்கடியில நில்லும். நான் சொன்னாப் போடும்."

குசினியிலிருந்து மரம் தெரியாது. "போடும்" என்று குரல் வந்தது. என் கை அசையவில்லை. மறுபடியும் கத்தினார்.

"முதல் உங்கட கை எங்க எண்டு சொல்லுங்கோ!"

"கைபிடியில. ரெண்டும் கைபிடியில."

"பிள்ளையள் மேல சத்தியமா?"

"சத்தியமா. போடும்!"

போட்டேன். வாள் உடனே ஓடவில்லை. அவர் விரலால் அழுத்திய பிறகுதான் ஓடியது. மரம் நார் நாராய் முறிவது கேட்டது, வாள் நின்றது. பிறகு வீட்டுச் சுவர் அதிர்ந்தது. எந்தப் பக்கம் விழுந்தது என்று தெரியவில்லை. அவரும் கூப்பிடவில்லை. பிளக்கை இழுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டுதான் பின்வளவுக்குப் போனேன் என்று சொல்லவேண்டும்.

வேம்பு ஒழுங்கைக்குக் குறுக்கே கிடந்தது. பங்கருக்கு ஒரு கீறல் இல்லை. அதன் மண்மூட்டைகளின் மேல் அவர் இருந்தார். கைகள் இரண்டையும் விரித்து விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"எனக்கும் பயம்தான்" என்றார், என்னைப் பாராமல். "இண்டைக்கு மட்டுமில்லை. ஒவ்வொரு நாளும்."

இந்த மனிதர் பயப்படவில்லை, ஆகவே பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது என்ற ஒரே தைரியத்தில்தான் நான் அத்தனை காலமும் இருந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் படலை திறந்தது. பிள்ளைகள் மரத்தைப் பார்க்க ஓடிவந்துகொண்டிருந்தார்கள். பயமே தெரியாத ஆள் மாதிரி முகத்தைத் துடைத்து வைத்துக்கொண்டு நான் எழுந்தேன்.