உயிரோடிருப்பவளுக்கு ஏற்றிய மெழுகுவத்தி

என் மனைவி உயிரோடு இருக்கும்போதே அவள் செத்துவிட்டாள் என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற அவளையே காட்டி, இவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற வேலைக்காரி என்றேன். ஏழு வருஷமாக அந்தப் பொய்க்குள்தான் குடியிருக்கிறேன்.

சாமியாரிடம் இதைச் சொன்னதில்லை. வருஷா வருஷம் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். சாராயம், கோபம், பூசைக்கு வராதது... இதை மட்டும் விட்டுவிடுகிறேன். உங்களிடம் சொல்கிறேன். மன்னிக்கச் சொல்லவில்லை.

நான் ராயபுரத்தான். இருபது வயதில் ரங்கூன் போய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது நம் ஆட்கள் நடந்தே ஊர் திரும்பினார்கள். நான் காய்ச்சலில் வழியில் விழுந்தேன். கூட வந்தவர்கள் விட்டுவிட்டுப் போனார்கள். மா சேன் என்கிற பர்மாக்காரப் பெண்ணின் வீட்டார் என்னைத் தூக்கிப்போய், சண்டை முடியும்வரை சோறு போட்டார்கள். அவர்கள் வழக்கப்படி எங்கள் இரண்டு பேர் கையையும் சேர்த்து வெள்ளிக் கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்தார்கள். அதுதான் எங்கள் கல்யாணம். காகிதம் கிடையாது. ஒரு பெண் பிறந்தது.

சண்டை ஓய்ந்த மறு வருஷம் கப்பல் விட்டார்கள். மா சேன் யோசித்தாள். தாய், தகப்பன், வயல் எல்லாம் அங்கே. "என் ஜனங்கள் உன்னைத் தங்கள் பெண்ணாக வைத்துக்கொள்வார்கள்" என்று அவள் பாஷையில் சொன்னேன். நம்பினாள். நான் சொன்னபோது நானும் நம்பினேன்... அது உண்மை.

வருகிறேன் என்று மட்டும் தந்தி கொடுத்துவிட்டு இங்கே வந்து இறங்கினேன். துறைமுக வாசலில் அண்ணனும் அண்ணியும் நின்றார்கள். அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "நீ பூட்டேன்னு உனுக்குப் பூசையே வச்சிட்டோம்டா சூசை" என்றார். மா சேன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். அண்ணி பிள்ளையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கல்யாணம் கோயில்லதான பண்ணே?"

"ஆமா."

"எங்க அவ?"

புத்தரைக் கும்பிடுகிறவளை இவள்தான் என்று காட்டினால் கோயில் கல்யாணம் பொய்யாகிவிடும். கோயிலுக்கு வெளியே குடும்பம் நடத்தியவனை எங்கள் தெருவில் எப்படி வைத்திருந்தார்கள் என்று பார்த்து வளர்ந்தவன் நான். அண்ணன் வீட்டில்தான் தங்க வேண்டும். அவர் சொல்லித்தான் வேலை. இதெல்லாம் காரணமா? காரணம் பயம்.

"போன வருசம் குண்டுல பூட்டா" என்றேன்.

"அப்ப இவ?"

"கொயந்தயப் பாத்துக்கறவ."

அண்ணி வாயில் துணியை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மா சேனுக்குத் தமிழ் தெரியாது. ஏதோ துக்கம் என்று நினைத்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் சாவுக்கு அழுதவளை அவளே தேற்றினாள்! நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

மறுநாள் கடற்கரையில் அவளிடம் சொன்னேன். பிள்ளையின் காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டாள். பிறகு, எத்தனை நாளைக்கு என்று கேட்டாள். வேலை கிடைக்கிறவரைக்கும் என்றேன். வேலை கிடைத்தது. தனி வீடு பார்க்கிறவரைக்கும் என்றேன். வீடும் கிடைத்தது. பிள்ளை விவரம் தெரிந்து கோயிலில் புதுநன்மை அப்பம் வாங்கட்டும், பிள்ளையிடமே எல்லாம் சொல்லிவிடுகிறேன் என்றேன். சரி என்றாள்.

பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்து பிலோமினா என்று பேர் வைத்தோம். கோயில் புத்தகத்தில் தாய் பேர் கேட்டார்கள். வாயில் வந்த ஒரு பேரைச் சொன்னேன். பிலோமிக்கு அப்போது மூன்று வயது. மா சேனைப் பர்மா பாஷையில் அம்மா என்றுதான் கூப்பிடும். ஆயா என்று கூப்பிடச் சொன்னேன். கேட்கவில்லை. இரண்டு தரம் அடித்தேன். மூன்றாம் தரம் அடிக்கத் தேவைப்படவில்லை. மா சேன் வாசற்படியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

தெருவில் என்னைவிட அவள்தான் சீக்கிரம் ஒட்டிக்கொண்டாள். குழாயடியில் தமிழ் கற்றாள். உங்க ஊர்ல பாம்பு துன்வீங்களாமே என்று ஒருத்தி சீண்டினாளாம். துன்வோம், உன்னிய மாரி நீட்டா இருந்தா வுடமாட்டோம் என்றாளாம் இவள். குழாயடியே சிரித்ததாக அண்ணி வந்து சொன்னாள். பிள்ளையின் கண்ணைப் பற்றிப் பேச்சு வந்தபோதும் அண்ணியே ஒரு பதில் கண்டுபிடித்தாள். அந்த ஊர்த் தண்ணி குடித்த பிள்ளைக்கு அந்த ஊர் மூஞ்சிதானே வரும்! நம்பினார்களா, நம்புகிற மாதிரி இருந்தார்களா... தெரியாது.

எனக்குப் பெண் பார்த்தார்கள். வேண்டாம் என்றேன். அதில் என் மதிப்பு ஏறிவிட்டது. செத்தவளை நினைத்துக்கொண்டு இருக்கிறான் என்றார்கள். தெருவில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போய்ப் புத்தி சொல்லிவிட்டு வருவேன். எனக்குச் சோறு போட்டவள் அடுப்பு ஓரம் பாய் விரித்துப் படுப்பாள்.

கல்லறைத் திருநாள் வரும். காசிமேட்டுக் கல்லறையில் அவரவர் சமாதியில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். வேறெங்கோ செத்தவர்களுக்குப் பெரிய சிலுவையடியில் ஏற்ற வேண்டும். பிலோமி தன் தாய்க்கு ஏற்றுவாள். மா சேன்தான் மெழுகுவத்திக் கட்டைக் கொண்டுவருவாள். கடல் காற்று பலமாக அடிக்கும். முந்தானையைப் பிடித்து மறைப்பு கட்டி நிற்பாள். ஏழு வருஷம் அப்படி நின்றாள். நானும் முழங்கால் போட்டு ஜெபித்தேன். யாருக்காக ஜெபித்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இந்த வருஷம் பிலோமிக்குப் பத்து வயது. சித்திரையில் புதுநன்மை வாங்கிவிட்டாள். நான் சொல்லவில்லை. மா சேனும் கேட்கவில்லை.

சிலுவையடியில் நாங்கள் மூன்று பேர்தான் நின்றோம். அண்ணன் குடும்பம் வேறு பக்கம் போயிருந்தது. மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டே பிலோமி கேட்டாள்.

"ஆயா, எங்கம்மா எப்டி இருப்பாங்க? நீ பாத்துகீறல்ல?"

மா சேன் என்னைப் பார்த்தாள். அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. சும்மா பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். ஏழு வருஷமாக நான் சொல்லாத வார்த்தை. என் கையில் தீப்பெட்டி இருந்தது. குனிந்து ஒரு குச்சியைக் கிழித்து மெழுகுவத்தியின் அருகே கொண்டுபோனேன். அது எரிந்துகொண்டுதான் இருந்தது.

"பாத்துகீறேன்" என்றாள் மா சேன். "உன்னிய மாரிதான் இருப்பா."

"குண்டு வுயுந்தப்ப கூட இருந்தியா?"

"இருந்தேன். நான்தாம்மா கண்ண மூடினேன்."

அதுவரை அந்தப் பொய்யை அவள் வாயால் சொன்னதில்லை. தெருவில் யாராவது கேட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாள். அன்றைக்குச் சொன்னாள். பிள்ளை அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதது.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என்னை மோசம் செய்துவிட்டாள் என்று தோன்றியது! அவள் காத்திருக்கிறவரை எனக்கு இன்னொரு நாள் இருந்தது. இனி நான் வாயைத் திறந்தால், அந்தப் பிள்ளைக்கு அவளும் பொய்க்காரி. துரோகம் செய்தவன் நான்... ஏமாந்தவனைப் போல அங்கே நின்றதும் நான்.

வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் மா சேன் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அன்றிலிருந்து அப்போதும் ஐயா என்கிறாள். சோறு ஆறுது ஐயா, பிள்ளைக்கு நோட்டுப் புஸ்தகம் வேணும் ஐயா.

நானும் ஐயாவாகவே, என்ன என்று கேட்கிறேன்.