ஆமென் சொன்ன வாய்

எர்னஸ்டீன் காட்ஸ்டனுக்கு வாய் சும்மா இருக்காது. அமெரிக்காவின் தென்கோடியில், அவளுடைய தேவாலயத்தில் பிரசங்கியார் ஒரு வரி சொன்னால் சபை ஒரு "ஆமென்" சொல்லும். சொல்லாவிட்டால் பிரசங்கம் எடுபடவில்லை என்று அர்த்தம். பால்குடி காலத்துப் பழக்கம், விடுமா? முட்டிவலி குறைந்தது என்று யாராவது சொன்னாலும் அவளிடமிருந்து ஆமென்தான் வரும்.

அவள் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தின் வேன் ஓட்டுகிறாள். சிறுநீரகம் கெட்டவர்களை டயாலிசிஸுக்கு ஏற்றிப் போவாள். தேர்தல் நாளில் நடக்க முடியாத பெரிசுகளை வாக்குச்சாவடிக்கும் கொண்டுபோய் இறக்குவாள். இந்த இரண்டாவது வேலைதான் மாநிலத்தை ஆள்பவர்களின் கண்ணை உறுத்தியது. கறுப்பர்கள் ஓட்டுப் போட வந்தால் அவர்களுக்கு எப்போதும் உறுத்தும். ஆனால் வேனில் ஏற்றிப் போவது குற்றமில்லை. தொண்டு நிறுவனம் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது, அதுதான் சட்டம். நிறுவனத்தார் எப்போது சறுக்குவார்கள் என்று ஆள்பவர்கள் காத்திருந்தார்கள்.

நிறுவனம் வைத்த மீன் விருந்துக்கு ஒரு வேட்பாளர் அழைக்காமலே வந்தார். கெளுத்தி வறுவல் தட்டோடு எழுந்து, "இந்த ஊருக்கு ஒரு ஆஸ்பத்திரி வேணும். அதுக்குத்தான் நான் நிக்கிறேன்" என்றார். "ஆமென்!" என்று முதலில் முழங்கியது எர்னஸ்டீன்தான். கூடமே திருப்பி முழங்கியது. யாரோ அதைப் போனில் பிடித்துவிட்டார்கள். நுணலும் தன் வாயால் கெடும்.

மாநில அரசின் விசாரணைக் குழு கூடிய அன்று, நிறுவனத்தை நடத்தும் லமார் அவள் காதோரம் குனிந்தான்.

"ஞாபகமில்லைன்னு மட்டும் சொல்லிடுங்க, சிஸ்டர்."

"பைபிள் மேல கைய வெச்சுட்டுப் பொய் சொல்லவா?"

"நம்ம நிறுவனத்தோட பதிவை ரத்து பண்ணிட்டா நாளைக்கு வேன் ஓடாது. அதை நெனச்சுக்குங்க."

அவள் வேறெதையுமே நினைக்கவில்லை.

குழுத் தலைவர் வீடியோவை ஓடவிட்டார். "இது உங்க குரல்தானேம்மா?"

"என் குரல்தான், ஐயா."

லமார் கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்போ அவரை ஆதரிச்சிருக்கீங்க."

"ஆஸ்பத்திரியை ஆதரிச்சேன். நீங்க கட்டித் தர்றேன்னு சொல்லுங்க, உங்களுக்கும் ஒரு ஆமென் சொல்றேன்."

"சொல்லுங்க ஐயா, சொல்லுங்க!" என்று பின்வரிசைப் பெண்கள் குரல் கொடுத்தார்கள். அறையே சிரித்தது. தலைவரின் கழுத்து சிவந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே எர்னஸ்டீன் நம்பினாள்.

அவர் சுத்தியலைத் தட்டி வாக்கெடுப்பு என்றார். பெரும்பாலான கைகள் மளமளவென்று உயர்ந்தன. பதிவு ரத்து. முடிவைப் பையில் வைத்துக்கொண்டுதான் கேள்வியே கேட்டிருக்கிறார்கள், பாவிகள்.

வாசலில் லமார், "ஞாபகமில்லைன்னு அந்த ஒரு வார்த்தைய சொல்லியிருந்தா..." என்று இழுத்தான்.

"சொல்லியிருந்தா விட்டிருப்பானுங்களா?"



அவள் போன் அடித்தது. டயாலிசிஸுக்கு வரும் கிளியோஃபஸ் கிழவர்.

"என்னம்மா, நாளைக்கு வருவேல்ல?"

"வர்றேன். வாசல்ல நில்லுங்க."

சொந்தக் கார் இருக்கிறது, ஓட்டிவிடலாம். ஆனால் வேனில் வருகிறவர்கள் ஏழு பேர், காரில் நாலு பேருக்குத்தான் இடம். விட்டுவிட்டுப் போகிற மூன்று பேர் யார்? படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

போன் மறுபடியும் அடித்தது. ஏழு பேரில் அடுத்த ஆள்.