காதுக்குள் களிமண்

மல்லாந்து படுத்து, தூரிகையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார் லோ அக்கா. கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"தூங்கிட்டியா அக்கா?" என்றார் தச்சர் ஹூ.

"நீ செஞ்ச கட்டிலா இருந்தா அடியில படுப்பேனா?"

மரச்செதுக்கலுக்குப் பேர்போன சீன ஊரான துங்யாங்கில் பழைய மரச்சாமானை விற்பவர்கள் முதலில் எங்கள் கடைக்கு வருவார்கள். வயதைச் சொல்பவர் அக்கா. செதுக்கிய முகப்பைக் கடைசியாகத்தான் பார்ப்பார். "முன்பக்கம் எல்லாரும் பொய் சொல்லுவாங்க. அடியில யாரும் மெனக்கெட மாட்டாங்க." இழைப்புளி விட்ட அலையா, இயந்திர ரம்பம் விட்ட நேர்க்கோடா என்று விரலால் தடவுவார். பிறகு தூரிகை. தூசி ஒரு துளி இருந்தாலும் அவருக்குப் பொறுக்காது.

இந்தக் கற்பூர மரக் கட்டில் ஜின் அம்மாவுடையது. கணவர் போன வருடம் இறந்தார். மகன் ஹைமின் விற்கப் பார்க்கிறான். அம்மாவின் கேள்வி வேறு: கணவர் சொன்னது உண்மையா? மாவோ காலத்துக் கலாச்சாரப் புரட்சியில், பழமையை ஒழிக்கிறோம் என்று ஊரெங்கும் கட்டில்களில் செதுக்கியிருந்த முகங்களை வெட்டி எறிந்தார்கள்.

"எங்க வீட்டுக்காரர் வெட்டல. களிமண்ணு பூசி மறைச்சேன்னு சத்தியம் பண்ணாரு. அவரோட அம்மா நம்பவே இல்ல. சாகுற வரைக்கும் மகன்கிட்ட பேசல."

அக்கா முகப்புக்கு வந்தார். குதிரை வீரர்கள், வீணை மீட்டும் பெண்கள். கண்ணில் பட்ட முகங்களெல்லாம் கழுத்துப்பட்டையைவிட உள்ளே அமுங்கியிருந்தன. வெட்டிய இடத்தில் மறுபடி முகம் செதுக்கினால் அப்படித்தான், மரம் மிச்சமிருக்காது.

"உடம்பு சிங் அரசர்களோட கடைசிக் காலம், நூறு வருஷத்துக்கு மேல. முகம் புதுசு. எழுதிக்கோ" என்றார் என்னிடம்.

"எல்லாம் பழசுன்னு போட்டா என்ன கெட்டுப்போகுது அத்தை?" என்றான் ஹைமின்.

"கெட்டுப்போகும்."

ஜின் அம்மா கட்டிலின் படியில் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அக்கா சொல்வதை வயதுச் சான்றாக எழுதுவதுதான் இங்கே என் வேலை. பேனா நகரவில்லை. அந்த அம்மாவுக்காக நான் பொய் சொல்லியிருப்பேனா? இன்னும் தெரியவில்லை.

திரை மாட்டும் கொக்கிக்குப் பின்னால், ஓரத்தில், எருமைமேல் ஒரு சிறுவன். அக்கா டார்ச்சைத் திருப்பினார். அந்த முகம் அமுங்கவில்லை. மூக்கு முழுதாக எழுந்து நின்றது. காதுக்குள் காய்ந்த களிமண்.

"இங்க வாங்கம்மா. இவன் பழையவன்."

"மத்தவங்க?"

"வெட்டியிருக்காங்க. யாருன்னு மரம் சொல்லாது. இவனுக்கு மண்ணு பூசியிருக்காங்க."

ஜின் அம்மா கட்டைவிரலால் அந்தக் கன்னத்தைத் தொட்டார். ஹைமின் படம் எடுக்கக் கைப்பேசியை நீட்டினான். "அந்த மண்ணைத் தட்டி விடுங்க அத்தை."

அக்கா தூரிகையைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டார்.