பல்லில் தேய்த்த களிமண்

வெள்ளவத்தையில் என் த்ரீவீலில் ஏறியவர் லாப்பில் மண் சோதிப்பவர். மெலிந்த ஆள், மூக்கில் நழுவும் கண்ணாடி. சண்டைக் காலம். செக்பொயின்றில் ஆமிக்காரன் அவர் பையில் வெள்ளைப் பொடியைக் கண்டான். வெடிமருந்து என்று துவக்கை நீட்டினான். அவர் ஒரு சிட்டிகை எடுத்துப் பல்லில் தேய்த்து விழுங்கினார். “களிமண்தான் மாத்தயா,” என்று சிங்களத்தில் சொன்னார். அவன் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான்.

“பயத்தில தின்னீங்களா சேர்?”

“இல்லை தம்பி, பழக்கம். மண்ணின்ர மணி பெரிசா, அதுக்குள்ள பளிங்கு அடுக்கு ஒழுங்கா இருந்தா, பாறை உக்கின இடத்திலேயே கிடந்த களி. மாப்போல நுணுங்கி, பளிங்கு குலைஞ்சிருந்தா ஆறு அள்ளி வந்தது. பளிங்குக்கு மெஷின் வேணும். மணிக்குப் பல்லே போதும்.”

கொட்டாஞ்சேனை வரை மண்ணைப் பற்றியே கதைத்தார். அவர் எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்க வழியில் இன்னும் இரண்டு செக்பொயின்றில் ஆமிக்காரர் நின்றார்கள்.