பலகையில் அவர் பெயர்

என் மகள் படித்த கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்து வாசலில் ஒரு மரப்பலகை தொங்குகிறது. ஆக்லாந்தில் கல்லூரி என்றால் பதின்மூன்று வயதில் போய்ச் சேரும் பள்ளிக்கூடம்தான். பெண்கள் கால்பந்து அணியின் சாதனைகள் எல்லாம் அந்தப் பலகையில் இருக்கும். ஒரே சீசனில் அதிக கோல் அடித்தவர் யார், அதிக ஆட்டம் ஆடியவர் யார், ஒரு கோலும் விடாமல் அதிக ஆட்டங்களைக் காத்த கோலி யார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தகடு. ஒரு தகட்டில் ஒரு பெயருக்குத்தான் இடம். யாராவது முந்தினால் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகுவார்கள்.

முதல் தகட்டில் பல வருடங்களாக இருந்தது என் கணவரின் பெயர்.

அவர் பந்தை உதைத்த மனிதர் அல்லர். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். பந்து அடித்தது மகள். ஆனால் பள்ளியில் சேர்க்கும்போது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். நமக்கு அப்படி ஒன்று எங்கே இருக்கிறது? தகப்பன் பெயர்தானே. அவர் தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். இங்கே விளையாட்டில் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முதல் ஆட்டத்துக்குப் போன அன்று நல்ல மழை. குடையைப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் நின்றோம். திடீரென்று மைதானம் முழுவதும் அவர் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. கலியாணம் செய்த நாளிலிருந்து நான் வாயால் சொல்லாத பெயர். வெள்ளைக்காரப் பிள்ளைகளும் சமோவாப் பிள்ளைகளும் சேற்றில் நின்று ஆளுக்கொரு விதமாக முறித்துக் கத்துகிறார்கள்.

அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"என்னை ஆரோ கூப்பிடுகினம்."

"உங்களை இல்லை, பிள்ளையை."

"பிறகேன் என்ர பேரைச் சொல்லுகினம்?"

"நீங்கள்தானே எழுதிக் குடுத்தனீங்கள்."

அதற்குப் பிறகு அவருக்கு அது பிடித்துப்போயிற்று. சனிக்கிழமை காலையில் சட்டையை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிப் போட்டுக்கொண்டு வருவார். ஓடு என்று அவர் பெயரைச் சொல்லி யாராவது கத்தினால், நின்ற இடத்திலேயே அவருக்கு மூச்சு வாங்கும். ஒருநாள் நடுவர் மகளுக்கு மஞ்சள் அட்டை காட்டினார். வீடு வந்து சேரும்வரை இவர் முகம் சரியில்லை, ஏதோ தன்னைப் பொலிஸ் பிடித்ததுபோல.

கடைசி வருடம் மகள் முப்பத்தொரு கோல் அடித்தாள். தகடு ஏறியது. அவளுடைய பெயரில் முதல் எழுத்து மட்டும் ஒரு மூலையில். மிச்ச இடம் முழுக்க அவர்தான், தங்க நிறத்தில்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், இப்படி ஆற அமர எழுதுவேன். ஆங்கிலத்தில் எனக்கு அடையாளம் தெரிந்த சொல் அந்த ஒன்றுதான். வீட்டுக்கு வரும் கரண்ட் பில்லில் அவர் பெயர் இருக்கும். அதன் வடிவத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகு பில்லை மகள் தன் போனுக்கு வரும்படி மாற்றிவிட்டாள். தபாலில் வந்ததெல்லாம் ஒவ்வொன்றாக நின்றது. பலகையில் மட்டும் இருந்தார்.

மகள் இப்போது அதே கல்லூரியில் ஆசிரியை. பெண்கள் அணிக்கு அவள்தான் கோச். பாதி ஆட்டத்தில் பிள்ளைகளுக்குத் தோடம்பழம் வெட்டிக் கொடுப்பது இங்கே வழக்கம். பெற்றோர் முறை வைத்துக் கொண்டுவருவார்கள். நான் முறையெல்லாம் பார்ப்பதில்லை, கோச்சின் தாய் என்று எல்லாச் சனிக்கிழமையும் கொண்டுபோவேன். கொஞ்சம் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித்தான் கொடுப்பேன். முதல் வாரம் முகத்தைச் சுளித்த பிள்ளைகள் இப்போது தோலையும் சூப்புகிறார்கள்.

போன குளிர்காலத்தில் அணிக்கு ஒரு பிள்ளை வந்தாள். தமிழ்நாட்டுக் குடும்பம், பிளாட் புஷ்ஷில் வீடு. மெலிந்த பிள்ளை, காற்றடித்தால் சாய்வாள் போல இருப்பாள். பந்து காலுக்கு வந்துவிட்டால் வேறு ஆள். ஆட்டத்துக்கு ஒன்று, இரண்டு என்று அடித்துக்கொண்டே போனாள். முதலில் நானும் கை தட்டினேன். இருபதைத் தாண்டியதும் தட்டுவதைக் குறைத்துக்கொண்டேன்.

"பாட்டி, ஆரஞ்சு சூப்பர்," என்பாள்.

"பாட்டியோ? அன்ரி எண்டு சொல்லு," என்பேன்.

கடைசி ஆட்டம் வந்தபோது அவளிடம் முப்பது கோல். காரில் போகும்போது மகளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அந்தப் பிள்ளைக்குக் கால் நோகுதோ?"

"ஏன், ஆர் சொன்னது?"

"நொண்டுறாள்."

"அம்மா, அவள் நடக்கிறதே அப்பிடித்தான்."

"இண்டைக்கு ஒருநாள் இருத்தி வைச்சா என்ன? சின்னப் பிள்ளை, களைச்சுப் போனாள்."

மகள் சிரித்தாள். "அவள் களைக்கேல்ல. உங்களுக்கு அப்பான்ர பேர் போகுதெண்டு கவலை."

"உனக்கு இல்லையோ?"

அவள் சிக்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பச்சை விழுந்தும் ஒரு கணம் கழித்துத்தான் காரை எடுத்தாள். "இருக்கு," என்றாள்.

பாதி ஆட்டத்துக்கு முன்னமே அந்தப் பிள்ளை ஒன்றை அடித்துவிட்டாள். முப்பத்தொன்று, சமம். சமம் என்றால் தகடு மாறாது, முந்த வேண்டும். அன்றைக்குத் தோடம்பழம் கொடுக்கும்போது அவளுக்கும் எல்லோருக்கும் போலத்தான் கொடுத்தேன், குறை வைக்கவில்லை. ஆனால் மனதுக்குள், போதும் பிள்ளை, இனி மற்றவைக்கும் பந்தைக் கொடு என்று சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பந்து சரியாக அமையவில்லை. ஒன்று கம்பத்தில் பட்டது. ஒன்றைக் கோலி பிடித்தாள். நேரம் போய்க்கொண்டிருந்தது, தகடு தப்பிவிடும் போலிருந்தது. அப்போதுதான் கார் நிறுத்துமிடத்திலிருந்து ஒரு மனிதர் ஓட்டமும் நடையுமாக வந்தார். பளபளக்கும் மஞ்சள் வேலை மேலாடை, காலில் கனத்த சப்பாத்து. வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார்.

"அம்மா, முடிஞ்சிருச்சா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு. நீங்கள் ஆர்?"

"அந்த ஒன்பதாம் நம்பர் என் பொண்ணு. ஏர்போர்ட்ல லக்கேஜ் ஏத்துற வேலை. சனிக்கிழமைன்னா லீவே கிடைக்காது. இன்னைக்கு ஒருத்தர்கிட்ட கெஞ்சி ரெண்டு மணி நேரம் வாங்கிட்டு வந்தேன். இந்த சீசன்ல இதான் நான் பார்க்கிற முதல் மேட்ச்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, மைதானத்தில் யாரோ அவள் பெயரைக் கத்தினார்கள். அவளுடைய பெயரை எங்கே கத்தினார்கள்? குடும்பப் பெயரைத்தான். இவர் சடாரென்று திரும்பிப் பின்னால் பார்த்தார்.

"யாரோ என்னைக் கூப்பிடுறாங்க."

நான் அவரைப் பார்த்தேன். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தேன். பிறகு சொன்னேன், "உங்களை இல்லைத் தம்பி. பிள்ளையை."

அந்த நேரம் பார்த்து எதிரணிப் பிள்ளை ஒருத்தி கோலுக்கு முன்னாலுள்ள கட்டத்துக்குள் கையால் பந்தைத் தட்டினாள். பெனால்ட்டி. எங்கள் அணி ஏற்கெனவே இரண்டு கோல் முன்னுக்கு, வெற்றிக்கு அது தேவையே இல்லை. வழக்கமாகப் பெனால்ட்டி அடிப்பது அணித் தலைவி. அவள் பந்தை எடுத்துக் குறியில் வைத்துவிட்டு, யார் அடிப்பது என்பதுபோல் மகளைப் பார்த்தாள். மகள் பேசாமல் நின்றால் போதும், தலைவி அடிப்பாள், தகடு அப்படியே இருக்கும்.

மகள் இரண்டடி தள்ளித்தான் நின்றாள். என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா?"

கால்பந்தைப் பற்றி அவள் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று எவ்வளவோ நாளாக வைத்திருந்தேன். அதெல்லாம் வரவில்லை.

"இந்த மனுசன் வேலையை விட்டுட்டு வந்து நிக்குது," என்றேன். "அவளுக்குக் குடு."

மகள் கையைக் காட்டினாள். மெலிந்த பிள்ளை வந்து நின்றாள். தகப்பனைக் கண்டுவிட்டாள் போல, ஒருதரம் கோட்டுப் பக்கம் பார்த்தாள். பிறகு அடித்தாள்.

அது பெரிய அடி இல்லை. கோலியின் கையில் பட்டு, யோசித்து யோசித்து உருண்டு கோட்டைத் தாண்டியது. என் மகள் அடித்த முப்பத்தோராவது கோல் அப்படியா போனது? வலையே பிய்ந்துவிடும் போலப் போனது, நான் பார்த்தேன். பலகையில் அதையெல்லாம் எழுதுவதில்லை. உருண்டு போனாலும் ஒன்று, பறந்து போனாலும் ஒன்று.

பக்கத்தில் நின்றவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

சில வாரம் கழித்துத் தகடு மாற்றினார்கள். மகள் என்னையும் கூட்டிப்போனாள். அந்தத் தகப்பனும் வந்திருந்தார், இந்தமுறை மினுக்கிய சட்டை. ஒரு பெடியன் ஏணியில் ஏறி, திருகாணியைக் கழற்றி, பழையதை எடுத்துக் கீழே மகளிடம் நீட்டினான். அவள் அதைத் தன் கம்பளிச் சட்டையில் துடைத்துவிட்டு என்னிடம் தந்தாள். நினைத்ததைவிடப் பாரம் குறைவு.

புதுத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் மூலையில் ஒற்றை எழுத்தும் பக்கத்தில் நீளமாக ஒரு பெயரும் இருந்தன. அந்த மனிதர் தன் போனை என் கையில் தந்து, பலகையோடு சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொன்னார்.

"இதுக்கு முன்னாடி உங்க சார் பேருதான் இருந்துச்சாமே. மிஸ் சொன்னாங்க. சார் நல்லா ஆடுவாரா?"

"நீங்கள் ஆடுவீங்களோ?"

"நானா? பந்தைத் தொட்டதே இல்லைங்கம்மா."

"அவரும் அப்பிடித்தான். கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நில்லுங்கோ, பேரை மறைக்கிறியள்."

படம் எடுத்துக் கொடுத்தேன். பெயர் முழுதாக விழுந்திருந்தது, அவருடைய நெற்றிதான் கொஞ்சம் வெட்டுப்பட்டுவிட்டது. அவர் குறை சொல்லவில்லை.

திரும்பி வரும்போது சின்ன வகுப்பு அணிப் பிள்ளைகள் பயிற்சி எடுத்துக்கொண்டு இருந்தார்கள். தகனினியிலிருந்து வரும் ஒரு பொடிச்சி, முழங்காலெல்லாம் சேறு, இரண்டு காலாலும் அடிக்கிறாள். மகளை நிற்கச் சொல்லிக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"அம்மா, அவளுக்கு இப்பத்தான் பதின்மூண்டு," என்றாள் மகள்.

"இருக்கட்டும். எனக்கு அவசரமில்லை."